தடித்துப்போன குழாய்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. கோபம் வந்தால் முதலில் காது சுடும், பிறகு வாய் திறக்கும், அதற்குப் பிறகுதான் யோசனை வரும். இந்த ஒழுங்கு மாறியிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்பது என் தமையனின் கருத்து. ஆனால் ஒரே ஒரு தடவை அந்தக் கோபத்தால் ஒரு மனிதருக்கு நன்மை விளைந்தது. அதை வீட்டில் ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை, ஆகவே நானே எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து அச்சுவேலிப் பக்கம் ஒரு சவர்க்கார ஆலையில் வேலை செய்தேன். வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றிருந்த காலம். கப்பலில் வந்த வாசனைச் சவர்க்காரம் கடைகளில் இல்லை. எங்கள் ஆலையின் மஞ்சள் கட்டிக்குக் கொடிகாமத்திலிருந்து வட்டுக்கோட்டை வரை கடைக்காரர்கள் காத்து நின்றார்கள். அதை முகத்துக்குப் போட்டால் தோல் இழுக்கும், வேட்டிக்குப் போட்டால் வேட்டி வெளுக்கும். கிடைத்ததே பெரிய காரியம் என்று சனம் இரண்டுக்கும் அதையே போட்டது.

என் பதவிக்கு ஆய்வுகூட உதவியாளர் என்று பெயர். ஆய்வுகூடம் என்பது ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு அலுமாரி. எனக்கு மேலே ஓர் இரசாயனவியலாளர் வருவார் என்று நான் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் கடைசிவரை வரவில்லை. வராத ஒருவருக்கு உதவியாளராக இருப்பதில் ஒரு சுகம் உண்டு, குறுக்கே பேச ஆளில்லை.

சவர்க்காரம் எப்படிச் செய்வது என்பதைக் கொஞ்சம் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. பெரிய கொப்பரைகளில் தேங்காய் எண்ணெயையும் காரத்தையும் கொதிக்க வைப்போம். பிறகு ஆனையிறவு உப்பை அள்ளிப் போடுவோம். சவர்க்காரம் மேலே மிதக்கும், உப்பும் மிஞ்சின காரமும் கலந்த கழிவு நீர் கீழே இறங்கும். அந்தக் கழிவு நீரில் கிளிசரின் இருக்கிறபடியால் அதை வீணாக்காமல், சுடச்சுட, ஓர் இரும்புக் குழாய் வழியாக அடுத்த கொட்டகைக்கு அனுப்புவோம். அந்தக் குழாய் நடுவிலிருந்த பொதி கட்டும் கொட்டகையின் கூரை வளைகளுக்குக் கீழே, பெண்கள் இருந்து கட்டிகளைத் தாளில் சுற்றும் நீள மேசைக்கு நேர் மேலே போனது. ஆலையைக் கட்டியவர் அதைச் சிக்கனம் என்று நினைத்திருப்பார்.

சூடு, உப்பு, காரம் மூன்றும் சேர்ந்து உள்ளே ஓடினால் இரும்பு என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் அந்த மெசின் வந்தது.

மனேச்சர் கொழும்பில் யாரையோ பிடித்து அதை எடுப்பித்திருந்தார். ஒரு சின்னப் பெட்டி, முகத்தில் ஒரு முள், பெட்டியிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் பெருவிரல் அளவான ஒரு குமிழ். குமிழைக் குழாயின் வெளிப்பக்கத்தில் வைத்து அழுத்தினால் அது காதுக்குக் கேட்காத ஓர் ஒலியை இரும்புக்குள் அனுப்பும். ஒலி உள்பக்கச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு இரும்பின் தடிப்பை முள் காட்டும். குழாயை வெட்டாமல், துளைக்காமல், உள்ளே எவ்வளவு இரும்பு மிச்சம் என்று சொல்லிவிடும். வேலையாட்கள் அதற்கு உடனே நாடி மெசின் என்று பெயர் வைத்தார்கள். கையேடு ஆங்கிலத்தில் இருந்தது, இலகுவில் விளங்கும் ஆங்கிலமும் அல்ல. வேலையாட்களுக்குத் தலைவரான போர்மன் அதைத் திறந்து பார்த்து, மூடி, என்னிடம் தந்துவிட்டார். அவருக்குச் சுத்தியல் போதும். குழாயைத் தட்டி, சத்தத்தைக் கேட்டு, நல்லது கெட்டது சொல்லிப் பழகிய மனிதர்.

கையேட்டில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. குமிழுக்கும் இரும்புக்கும் இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாதாம், ஆகவே எண்ணெயோ கிளிசரினோ பூச வேண்டுமாம். நாட்டில் ஊசி வாங்கப் போனாலும் இல்லை என்று கையை விரித்த அந்தக் காலத்தில், எங்களிடம் கிளிசரின் மட்டும் பீப்பாய்க் கணக்கில் இருந்தது. அன்று முழுவதும் ஆலையில் அகப்பட்ட இரும்பெல்லாவற்றிலும் கிளிசரினைப் பூசி அளந்து பார்த்தேன். மனேச்சரின் மேசைக் காலையும் விடவில்லை. மாலையில் சைக்கிள் கைபிடி என் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இப்போது நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் வெல்டர், முஸ்லிம்; அவர்கள் அண்ணனை அழைக்கும் சொல்லாலேயே ஆலையில் எல்லோருக்கும் அவர் நானா. யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். வந்து வருடக்கணக்காகியும் தற்காலிகம்தான். நிரந்தரமாக்குகிறோம், நிரந்தரமாக்குகிறோம் என்று மூன்று மனேச்சர்மார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இப்போதிருந்தவர் நல்லவர், அந்த வருடம் உண்மையாகவே கடிதம் எழுதத் தயாராக இருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் குழாய் ஒழுகியது. பொதி கட்டும் கொட்டகையின் சுவரோரம், குழாய் வளையும் இடத்தில் ஒரு ஊசித்துளை. நானா அதை அடைத்தார். சில நாளில் அடைத்த இடத்துக்கு அருகிலேயே திரும்ப ஒழுகியது. திரும்ப அடைத்தார். அதன் பக்கத்தில் இன்னொன்று. குழாய் தேய்ந்துவிட்டது, வெல்டிங் சூட்டைத் தாங்க அதில் இரும்பு இல்லை என்று நானா சொன்னார். போர்மன் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்.

“பைப் கல்லு மாதிரி நிக்குது சேர்,” என்று அவர் மனேச்சரிடம் சொன்னார். “நானாவின்ரை கைதான் போட்டுது.”

வெல்டர் ஒருவரைப் பற்றிச் சொல்லக்கூடாத சொல் அது. கண் மங்கினால் கண்ணாடி போடலாம், கை போனால் போனதுதான். மனேச்சர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஒரு முடிவு சொன்னார். சரஸ்வதி பூசைக்கு ஆலை நிற்கும்போது குழாய் ஆறிவிடும், அப்போது மெசினை வைத்து அளப்போம். குழாய் தேய்ந்திருந்தால் மாற்றுவோம். குழாய் நன்றாக இருந்தால் பிழை வெல்டிங்கில்தான், வேறு ஆள் பார்ப்போம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. குழாய் சூடாக இருக்கும்போது குமிழின் முகம் உருகிவிடும் என்று கையேடு எச்சரித்திருந்ததால் அதற்கு முன் அளக்கவும் முடியாது.

போர்மனைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய மூத்த மகளே அந்த மேசையில், அந்தக் குழாய்க்குக் கீழேதான் இருந்து பொதி சுற்றினாள். குழாய் நல்லது என்று அவர் மனதார நம்பினார். நம்பாமல் ஒரு தகப்பன் தன் பிள்ளையை அங்கே இருத்துவானா? அதுதான் எனக்கு அவரோடு சண்டை பிடிக்கவும் கஷ்டமாக இருந்தது.

நானா மட்டும் நாளுக்கு நாள் மெலிந்தார். நோன்பு மாதம் அது, பகல் முழுவதும் தண்ணீரும் குடிக்காமல் நெருப்போடு வேலை. ஆனால் நோன்பு பிடித்து அவர் மெலிந்து நான் முன்பு பார்த்ததில்லை. ஒரு நாள் ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார். கையை நீட்டிக் காட்டினார்.

“தங்கச்சி, நடுங்குதோ எண்டு பாருங்கோ.”

நடுங்கவில்லை, என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. இரவில் படுத்தபடி கையைத் தூக்கிப் பார்ப்பாராம். மற்றவர்கள் சொன்னதை முதலில் தள்ளிவிட்டாராம், பிறகு கேட்கக் கேட்க, ஒருவேளை அப்படித்தானோ என்று தோன்றத் தொடங்கிவிட்டதாம். “வேலை போனால் வேறை வேலை தேடலாம். கை போனால் என்னத்தைத் தேடுறது?” என்றார். எனக்கு வழக்கம்போலக் கோபம்தான் வந்தது.

எங்கள் ஆலையில் சரஸ்வதி பூசை என்றால் சாதாரணமாக இராது. பூசைக்கு முதல் கிழமை முழுவதும் பெயின்ற் அடிப்பார்கள். கொப்பரைத் தாங்கி, பம்பு, குழாய், கதவு, வாளிப் பிடிகூடப் பச்சை. இறக்குமதி இல்லாத காலத்தில் எங்கிருந்து அந்தப் பச்சை வந்தது என்று ஆண்டவனுக்கும் போர்மனுக்கும்தான் தெரியும். பழைய பெயின்றைச் சுரண்டும் வழக்கம் எங்களிடம் இல்லை. சுரண்டினால் அழகு கெடும். ஆகவே ஒவ்வொரு வருடமும் போன வருடத்துப் பச்சைக்கு மேல் இந்த வருடத்துப் பச்சை ஏறும். அதற்கு மேல் சந்தனம், குங்குமம். அம்மாளுக்கு முன்னால் இரும்பும் புதுச் சீலை கட்டி நிற்க வேண்டும் என்பது போர்மனின் கொள்கை. அதில் அவர் காட்டிய பக்தியை நான் இன்றும் பழிக்கமாட்டேன்.

அளக்கும் இடத்தில் வெறும் இரும்பு தெரிய வேண்டும் என்று கையேடு சொல்லியிருந்தது. நானும் முன்கூட்டியே குழாயில் அங்கங்கே கொஞ்சம் சுரண்டுவித்து, சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். நவராத்திரியின் ஒன்பதாம் நாள், பூசையன்று காலை மெசினோடு போய்ப் பார்க்கிறேன், ஒரு வட்டத்தையும் காணவில்லை. சுரண்டின குழிகளையெல்லாம் மாப்போல ஏதோ அப்பி, மட்டமாக்கி, மேலே பளபளவென்று பச்சை அடித்திருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் மறக்காமல் ஒரு குங்குமப் பொட்டு.

“பிள்ளை, பூசை நாளிலை பைப் சொறி பிடிச்சமாதிரி நிக்கலாமோ?” என்று போர்மன் கேட்டார். பெயின்ற் மெல்லிசுதானே, மெசினுக்கு அது ஒரு பொருட்டா என்றார். மனேச்சர் ஏணிக்குக் கீழே வந்து நின்றுவிட்டார். வைத்துத்தான் பாருங்களேன் என்றார். வேலையாட்கள், பொதி கட்டும் பெண்கள், எல்லோரும் கூடிவிட்டார்கள். நானா சுவரோரமாக நின்றார்.

நான் மெசினை அதனோடு வந்த, தடிப்பு குறித்த இரும்புக் கட்டியில் வைத்துச் சரிபார்த்தேன். களஞ்சியத்தில் கிடந்த, அதே குழாயோடு வந்து ஒரு நாளும் பாவிக்காத ஒரு புதுத் துண்டை அளந்து, முள் நின்ற இடத்தைக் கண்ணாடியில் பென்சிலால் குறித்தேன். பிறகு ஏணியில் ஏறி, கிளிசரினைப் பூசி, பச்சைப் பெயின்றின் மேல் குமிழை வைத்தேன்.

முள் எழுந்தது. பென்சில் கோட்டுக்கு வந்தது. கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றது.

கீழே ஒரு முணுமுணுப்பு. போர்மன் துள்ளவில்லை, சிரிக்கவுமில்லை, அதையும் சொல்ல வேண்டும். மனேச்சரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நானா தன் கையுறைகளைக் கழற்றி ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் காது சுட்டது.

புதுக் குழாயைவிடப் பழைய குழாய் தடிப்பு! கழுதை தேய்ந்து கட்டெறும்பானதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கட்டெறும்பு கழுதையானதை அன்றுதான் பார்த்தேன். உப்பும் காரமும் ஓடின குழாய், ஆடிக் கூழ் குடித்ததுபோல் கொழுத்திருக்கிறது, இத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவருக்கும் அது அதிசயமாகத் தெரியவில்லை. ஏணியில் நின்றபடியே கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று முழுவதும் ஞாபகமில்லை. இந்த ஆலையில் எல்லாவற்றையும் பூசி மெழுகித்தான் பழக்கம் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது, அதைப் பிற்பாடு பலர் எனக்குச் சொல்லிக் காட்டினார்கள்.

“பிள்ளை, மெசின் பொய் சொல்லுமோ?” என்று மனேச்சர் பொறுமையாகக் கேட்டார்.

“சொல்லாது சேர். நாங்கள் அதுக்குப் பெயின்றைக் காட்டிப்போட்டு இரும்பைக் கேக்கிறம். அது ரெண்டையும் கூட்டிச் சொல்லுது.”

பெயின்றுக்குள் ஒலி மெதுவாகத்தான் போகும், கொஞ்சப் பெயின்றையும் மெசின் நிறைய இரும்பென்று எண்ணிக்கொள்ளும் என்று விளக்கினேன். சுரண்டிவிட்டு அளந்தால் தெரியும் என்றேன். போர்மன் அதற்கு இணங்கவில்லை. பொட்டு வைத்த குழாயைப் பூசைக்கு முன்னால் சுரண்டுவதாவது! விஜயதசமி கழியட்டும் என்றார். கத்தி, சுரண்டி, அரம் எல்லாம் ஏற்கெனவே கும்பத்துக்கு முன்னால் அடுக்கியாகிவிட்டது. மாலைக்குள் மெசினும் அங்கே போக வேண்டும். பூசையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி நல்ல நேரம் வரும்வரை ஒருவரும் தொடமாட்டார்கள். அந்த நல்ல நேரத்தில் கொப்பரை மூட்டிவிடுவார்கள், குழாய் சூடாகிவிடும், பிறகு அளப்பது அடுத்த வருடம்தான். நானா அதுவரை இருக்கமாட்டார்.

அப்போது போர்மனின் மகள் மேசையைச் சுற்றி வந்து தகப்பனுக்கு முன்னால் நின்றாள். அமைதியான பிள்ளை, நான் அவள் சத்தம் போட்டுக் கேட்டதில்லை. அன்றும் சத்தம் போடவில்லை.

“ஐயா, உதுக்குக் கீழை இருக்கிறது நாங்கள். நாங்கள் சுரண்டுறம். பாவமெண்டால் எங்களுக்கு வரட்டும்.”

எதனால் சுரண்டுவது? ஆயுதமெல்லாம் அம்மாளிடம். ஆனால் சவர்க்கார ஆலைப் பெண்களுக்குப் பெயின்ற் எடுக்க ஆயுதம் தேவையில்லை. காரம் பட்ட இடத்தில் பெயின்ற் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியும், கொப்பரை விளிம்புகளில் தினமும் பார்க்கிறார்கள். வேலியோரம் போய்க் கிளுவைத் தடி முறித்து வந்தார்கள். நுனியில் சாக்குத் துண்டைச் சுற்றினார்கள். நான் அளவாகக் காரம் கரைத்துக் கொடுத்தேன். தெறித்தால் கழுவத் தண்ணீர் வாளியும், பிறகு காரத்தை முறிக்க விடக் கள்ளு வினாகிரிப் போத்தலும் ஏணியடியில் வைத்தோம். கண்ணுக்குப் போட ஆலையிலிருந்த கண்ணாடிகளை மாறிமாறிப் போட்டார்கள்.

காரம் ஊறஊறப் பச்சை பொருமியது. சிரட்டையால் வழித்தபோது தோல் தோலாக உரிந்து வந்தது. மேலே இந்த வருடத்துப் பச்சை, அதன் கீழ் கொஞ்சம் வெளிறின பச்சை, அதன் கீழ் இன்னொரு பச்சை. இடையில் ஒரு வருடம் நீலம். அந்த வருடம் பச்சை கிடைக்கவில்லை போலும். நவராத்திரிகள் எல்லாம் அங்கே ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. வழித்த தோலை மேசையில் போட்டபோது அட்டை மாதிரி நிமிர்ந்து நின்றது. போர்மன் அதை எடுத்து விரலால் மடிக்கப் பார்த்தார், மடியவில்லை. திரும்ப மேசையிலேயே வைத்துவிட்டார்.

குழாயின் அடிப்பக்கத்தில், வளைவுக்குச் சற்று முன்னால், கடைசித் தோலை உரித்தவள் போர்மனின் மகள்தான். உரித்த இடத்தில் கறுத்த இரும்பு தெரிந்தது. அதில் வியர்வை போல ஒரு சின்ன ஈரம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திரண்டு ஒரு துளியாகி, மேசையில் விழுந்தது. நாள் முழுக்க அவள் இருக்கும் இடத்துக்கு நேரே விழுந்தது. குழாயில் கடைசியாக மிச்சமிருந்த கழிவு நீர், ஆறிப்போய்க் கிடந்தது, அவ்வளவுதான். கொதிக்கும்போது அதைத் தடுத்து வைத்திருந்தது இரும்பல்ல, பெயின்ற்; அதையும் காரம் எத்தனை நாளைக்கு விட்டுவைக்கும்?

போர்மன் அந்த ஈரத்தை விரலால் தொட்டார். விரலை முகர்ந்தார். பிறகு மகளை ஏணியிலிருந்து இறங்கச் சொன்னார். அவள் இறங்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஏறினேன். வெறும் இரும்பில் கிளிசரின் பூசிக் குமிழை வைத்தேன். முள் எழும்பி, பாதிக்கும் கீழே நின்றுவிட்டது. சற்றுத் தள்ளி வைத்தேன், இன்னும் கீழே. மனேச்சர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு ஏணியில் தானே ஏறி, கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்க நான் இடம் மாற்றிமாற்றி வைத்தேன். எங்கேயும் முள் பென்சில் கோட்டுக்குக் கிட்டவும் வரவில்லை.

கடைசியாக, அதேபோலப் பெயின்ற் உரித்திருந்த நானாவின் வெல்டிங்குக்கு வந்தேன். அவர் வைத்த இணைப்பை எப்போதும் அராவி மட்டமாக்கிவிடுவார், ஆகவே குமிழ் நன்றாகப் பொருந்தியது. முள் எழுந்தது. அது ஏறிக்கொண்டே போய்ப் பென்சில் கோட்டில் நின்றது. அந்தக் குழாய் முழுவதிலும் முழு இரும்பு இருந்த இடம் நானா அடைத்த இடம் மட்டுமே.

அவர் எப்போது ஏணியடிக்கு வந்தார் என்று தெரியாது. தலையை நிமிர்த்தி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, இன்னொருக்கா வையுங்கோ.”

வைத்தேன். அதே இடம். மற்ற இணைப்பிலும் வைக்கச் சொன்னார். அங்கேயும் அதே இடம். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர்க் குழாயடிக்குப் போய், முகத்தைக் கழுவினார், திரும்பத் திரும்பக் கழுவினார். நோன்பாளி, ஒரு சொட்டும் வாயில் படாமல் கழுவினார். ஏணியில் நின்றபடி, இறங்கத் தோன்றாமல், மெசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

மனேச்சர் அங்கேயே சொல்லிவிட்டார். விஜயதசமிக்குக் கொப்பரை மூட்டுவதில்லை. புதுக் குழாய் போடும்வரை ஆலை நிற்கும், நானாவின் நிரந்தரக் கடிதம் நிற்காது. புதுக் குழாய் கொட்டகைக்குள்ளால் போகாது, வெளிச்சுவரைச் சுற்றிப் போகும். கொடிகாமத்துக் கடைக்காரர்கள் சவர்க்காரத்துக்குக் காத்திருக்கட்டும் என்றார். காத்திருந்தார்கள், ஒருவரும் அழுக்கால் சாகவில்லை.

மாலையில் பூசை நடந்தது. மெசினைப் போர்மனே துடைத்துக் கொண்டுபோய்க் கும்பத்துக்குப் பக்கத்தில் வைத்து, பெட்டிக்குச் சந்தனம் பூசினார். குமிழில் பூசவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவராகவே அதைத் தவிர்த்தார். பெண்கள் அவித்த கடலையிலும் பொங்கின புக்கையிலும் நானாவின் பங்கைப் படைக்க முன்னமே எடுத்து மூடி வைத்திருந்தார்கள். படைத்ததை அவர் சாப்பிடமாட்டார், அதற்காக அவரை விட்டுவிட்டுச் சாப்பிட அவர்களுக்கும் மனம் வராது, ஆகவே வருடா வருடம் இப்படித்தான். பொழுது பட்டு அவர் நோன்பு திறந்தபோது பக்கத்தில் நாலு பேர் இருந்து கதைத்தார்கள். போர்மன் மட்டும் தூரத்தில் தூண் ஓரம் இருந்தார். சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் விஜயதசமி. அன்று எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவார்கள், தொழிலாளர் அந்த வருடத்து முதல் வேலையைத் தொடங்குவார்கள். ஆலையில் அந்த முதல் வேலைக்கு முதல் கை என்று பெயர். நல்ல நேரத்தில் யாருடைய கை முதலில் தொடுகிறதோ, அந்தக் கையின் ராசிதான் வருடம் முழுவதும் ஓடும் என்று நம்பிக்கை. போர்மன் வந்த காலத்திலிருந்து முதல் கை அவருடையது. சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டுவார், அதன் பிறகுதான் மற்றவர்கள் ஆயுதத்தைத் தொடுவார்கள்.

அன்று முற்றத்தில், களஞ்சியத்தில் கிடந்த புதுக் குழாய்த் துண்டுகள் இரண்டை முகத்துக்கு முகம் வைத்து மரக்கட்டைகளில் கிடத்தியிருந்தார்கள். நேரம் வந்தது. போர்மன் கும்பத்தடிக்குப் போனார். சுத்தியலை எடுக்கவில்லை. வெல்டிங் பிடியையும் முகமூடியையும் எடுத்தார். இரண்டையும் ஏந்திக்கொண்டு முற்றத்துக்கு வந்து, நானாவுக்கு முன்னால் நின்றார்.

“நானா, முதல் கை நீங்கள் வையுங்கோ.”

நானா பின்வாங்கினார். நான் வைக்கலாமோ என்று கேட்டார். உங்கடை பூசை, உங்கடை நேரம், நீங்கள் வைக்கிறதுதான் முறை என்றார்.

“என்ரை பிள்ளையின்ரை தலைக்கு மேலை இவ்வளவு நாளும் நிண்டது உங்கடை கைதான்,” என்றார் போர்மன். “எனக்கு வேறை ஆரின்ரை கையிலும் நம்பிக்கை இல்லை.”

நேரம் போகிறது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். நானா பிடியை வாங்கினார். முகமூடியைப் போட முன் கையை ஒரு தரம் நீட்டிப் பார்த்துக்கொண்டார், பிறகு முழந்தாளில் இருந்தார். குழாயின் மறுமுனை அசையாமல் போர்மன் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் வெடித்தது. வெறுங்கண்ணால் அதைப் பார்க்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், அப்படியிருந்தும் ஒருவரும் திரும்பவில்லை. அன்று முழுவதும் மனேச்சர் தொடக்கம் பொதி கட்டும் பெண்கள் வரை எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் வெல்டிங் வெளிச்சம் பட்டுவிட்டது என்று சொன்னோம்.